மழலையர் பள்ளி ஆசிரியருக்கு வகுப்பிலேயே துணை: பயிற்றுநர்களும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொரீஷியஸில் மூன்று முதல் ஐந்து வயதுவரை பிள்ளைகள் போகும் பள்ளியை வீட்டில் 'லெகோல் மாத்தர்னெல்' என்றுதான் சொல்கிறோம். அங்கே வேலை செய்யும் ஆசிரியர்களுக்கும், அவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து உதவும் பயிற்றுநர்களுக்கும், கோயில்களிலும் சங்கங்களிலும் சிறு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறவர்களுக்கும் இந்தப் பக்கம். பிள்ளைகள் தங்கள் உணர்வுகளை ஆளவும் பிறரோடு பழகவும் கற்பதற்கு வகுப்பில் எப்படி உதவுவது என்பதே இங்கே பேச்சு.

சமூக-உணர்வுக் கற்றல் என்கிறார்களே, மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

பெயர்தான் பெரிது. தன் மனதில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரிவது, கோபம் வரும்போது கையை அடக்குவது, பக்கத்துப் பிள்ளை ஏன் அழுகிறது என்று கவனிப்பது, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது. இவ்வளவுதான். 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய கேசல் என்ற அமைப்பு இதை ஐந்தாகப் பிரிக்கிறது: தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை அறிதல், உறவு பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல். இவற்றைத் தனித்தனிப் பாடமாக நடத்த வேண்டாம். ஒரே சைக்கிளுக்கு இரண்டு பேர் சண்டை போடும் இரண்டு நிமிடத்தில் ஐந்தும் வந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்தை ஆசிரியர் எப்படிக் கையாளுகிறார் என்பதே பாடம்.

பயிலரங்குக்குப் போய் வந்தோம், குறிப்பும் எடுத்தோம். பிறகு வகுப்புக்குள் ஒருவர் எதற்கு?

பயிலரங்கில் கேட்டது மனதில் நிற்கும், கைக்கு வராது. திங்கட்கிழமை காலை ஒரு பிள்ளை அழ, இன்னொன்று தண்ணீரைக் கொட்ட, மூன்றாவது ஓட, ஆசிரியர் பழகிய வழிக்கே திரும்பிவிடுவார். அவர் மேல் தவறில்லை. புதுப் பழக்கம் எதுவும் நெருக்கடியில் முதலில் தோற்கத்தான் செய்யும்.

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்திலேயே இதை எழுதினார்கள். விளக்கம், செய்துகாட்டல், பழகிப்பார்த்தல் ஆகியவற்றோடு, வகுப்பிலேயே ஒருவர் கூட இருந்து உதவினால்தான் கற்றது வகுப்பறைப் பழக்கமாக மாறும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். ஆங்கிலத்தில் இதைக் கோச்சிங் என்பார்கள். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டால் டியூஷன் நினைவுக்கு வருகிறது. அதனால் இங்கே 'வகுப்பறைத் துணை' என்றும், அதைச் செய்கிறவரைப் 'பயிற்றுநர்' என்றும் சொல்கிறோம்.

பயிற்றுநர் பார்த்ததை மேனேஜரிடம் சொல்வாரா?

சொல்லக் கூடாது. எல்லா வேலைக்கும் இதுதான் அடித்தளம். இது ஆட்டம் கண்டால் மற்றதெல்லாம் வீண்.

பள்ளிகளைப் பதிவு செய்து மேற்பார்வை பார்ப்பதற்கு, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆணையம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. கட்டடம், பதிவேடு, பணியாளர் தகுதி எல்லாம் அங்கே வரும். வகுப்பறைத் துணை அது அல்ல. பயிற்றுநரின் குறிப்பேடு ஆசிரியருக்கு உரியது. முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதி பயிற்றுநர், ஆசிரியர், மேனேஜர் மூவரும் கையெழுத்திடுங்கள்: பயிற்றுநர் வரும் நாளும் நேரமும் மேனேஜருக்குத் தெரியும், எதில் வேலை செய்கிறார்கள் என்பதை ஆசிரியர் விரும்பினால் அவரே சொல்வார், பார்த்தது, பேசியது, எண்ணியது எதுவும் மதிப்பீட்டுக்குப் போகாது. ஒன்றே ஒன்று விலக்கு: பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மறைக்க முடியாது. அதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். பிறகு ஆசிரியர் அதிர்ச்சி அடைய வேண்டியிருக்காது.

மேனேஜரே பயிற்றுநராக இருக்கும் சிறு பள்ளிகளும் உண்டு. சம்பளத்தை முடிவு செய்கிறவர் முன்னால் 'எனக்கு இது வரவில்லை' என்று யாரும் மனம்விட்டுச் சொல்லமாட்டார்கள். பக்கத்துப் பள்ளி மேனேஜரோடு மாற்றிக்கொள்வது நல்லது: அவர் உங்கள் வகுப்புக்கு, நீங்கள் அவர் வகுப்புக்கு.

ஒரு சுற்று எப்படி நடக்கும்?

மூன்று பகுதி, திரும்பத் திரும்ப: குறிக்கோள் வைப்பது, கவனிப்பது, உட்கார்ந்து பேசுவது. ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம். மாதம் ஒரு முறை மட்டும் வந்து போனால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிற மாதிரி ஆகிவிடும்.

முதல் வருகையில் எதையும் எழுத வேண்டாம். பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள், மூக்கைத் துடைத்துவிடுங்கள், பொம்மை எடுத்து வைக்க உதவுங்கள். இரண்டாவது வருகையில் ஒரு மணி நேரம் பொதுவாகப் பாருங்கள். அன்றே ஆசிரியரும் தனியாக ஒரு தாளில், தனக்கு எது நன்றாக வருகிறது, எது இழுக்கிறது என்று எழுதட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரே ஒரு குறிக்கோளைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். பயிற்றுநருக்கு வேறொன்று அவசரமாகத் தெரியலாம்; பொறுங்கள். தானே தேர்ந்த வேலையைத்தான் ஆள் விடாமல் செய்வார்.

குறிக்கோளை எண்ணிப்பார்க்க முடிகிற மாதிரி எழுத வேண்டும். 'பிள்ளைகளோடு அன்பாக இருப்பேன்' என்பதை எண்ண முடியாது. இப்படி எழுதலாம்: 'விளையாட்டிலிருந்து பாய்க்கு வரும் நேரத்துக்கு 5 நிமிடம் முன்பு ஒருமுறையும், 1 நிமிடம் முன்பு ஒருமுறையும் படம் காட்டிச் சொல்வேன். வாரத்தில் 5 நாளில் 4 நாளாவது.' அதன் கீழே படிகள்: படம் வரைவது யார், எந்த நாளுக்குள், பிள்ளைகளுக்கு அதன் பொருளைச் சொல்லிக்கொடுப்பது எப்போது, பயிற்றுநர் முதலில் செய்துகாட்டுவாரா. ஒரு பக்கத்தைத் தாண்டினால் அந்தத் திட்டம் பெரிது, வெட்டுங்கள்.

பிறகு வரும் வருகைகளில் 30 முதல் 45 நிமிடம் கவனிப்பு, அன்றோ மறுநாளோ 20 முதல் 30 நிமிடம் பேச்சு. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பேசுவதே நல்லது. அவர்களை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பேசினால் அது பேச்சாக இருக்காது. இந்த அரை மணி நேரத்தை மேனேஜர் வேலை நேரத்துக்குள் ஒதுக்கித்தர வேண்டும். ஆசிரியர் பஸ்ஸைத் தவறவிட்டுப் பேச வேண்டும் என்றால் மூன்றாவது வாரமே காரணம் சொல்லி நழுவுவார்; அதில் நியாயமும் இருக்கிறது.

முதலில் எதில் கை வைப்பது?

பெரும்பாலான ஆசிரியர்கள் வகுப்பிலேயே அடங்காத ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். அங்கே தொடங்கினால் அலுத்துப்போவீர்கள்.

லீஸ் ஃபாக்ஸ், மேரி லூயிஸ் ஹெம்மெட்டர் முதலியோர் 2003-இல் அமெரிக்காவில் முன்வைத்த 'பிரமிட் மாதிரி' இதற்கு நல்ல வரிசை தருகிறது. அடியில் ஆசிரியர்-பிள்ளை உறவும், வகுப்பறை ஏற்பாடும். அவை எல்லாப் பிள்ளைகளுக்கும். அதன் மேல் உணர்வுகளையும் பழகும் விதத்தையும் நேரடியாகக் கற்றுக்கொடுப்பது. உச்சியில், அப்படியும் தவிக்கும் ஓரிரு பிள்ளைகளுக்குத் தனித் திட்டம். அடித்தளம் சரியானால் உச்சிக்கு வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை தானாகக் குறையும்.

எனவே முதலில் கடிகாரத்தை எடுங்கள். பிள்ளைகள் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும் நிமிடங்களை ஒரு காலை முழுவதும் கூட்டுங்கள். ஒரே குழாயில் 20 பேர் கை கழுவ வரிசையில் நின்றால், ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் கடைசிப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆகிறது. தள்ளுதல், கிள்ளுதல், தண்ணீர் தெளித்தல் எல்லாம் அந்த வரிசையில்தான் பிறக்கின்றன. நாலு நாலு பேராக அனுப்பி, மற்றவர்கள் பாட்டோ கதையோ தொடர்ந்தால் பாதிச் சண்டை அந்த வாரமே போய்விடும். பாயில் உட்கார்த்தி வைக்கும் நேரத்தையும் பாருங்கள்: மூன்று வயதுக்குப் பத்து நிமிடம், ஐந்து வயதுக்குக் கால் மணி. அதற்கு மேல் நெளிவது அடங்காமை அல்ல, உடம்பின் இயல்பு.

விதிகள் மூன்று போதும், ஐந்துக்கு மேல் கூடாது. 'ஓடாதே' என்பது செய்யக் கூடாததைச் சொல்கிறது. 'உள்ளே நடப்போம், வெளியே ஓடுவோம்' என்பது செய்ய வேண்டியதைச் சொல்கிறது. படத்தோடு பிள்ளையின் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். ஆசிரியரின் கண்மட்டத்தில் ஒட்டிய விதிப்பலகை பெற்றோருக்கு அலங்காரம் மட்டுமே.

கவனிக்கும்போது எதை எழுதுவது?

குறிக்கோளில் உள்ளதை மட்டும். வேறு எது கண்ணில் பட்டாலும் விடுங்கள்.

நேரத்தையும், கேட்ட சொற்களையும், எண்ணையும் எழுதுங்கள். '9.40: மிஸ் மண்டியிட்டு, "கட்டை விழுந்திருச்சு, உனக்குக் கோபம் வந்திருச்சு" என்றார். பிள்ளை அழுகையை நிறுத்திப் பார்த்தது.' இது குறிப்பு. 'மிஸ் பொறுமையாக இருந்தார்' என்பது தீர்ப்பு. நல்ல தீர்ப்பும் தீர்ப்புதான்.

எளிய கணக்கு ஒன்று: தாளை இரண்டாகப் பிரித்து, 20 நிமிடத்தில் ஆசிரியர் ஒரு பிள்ளையின் நல்ல செயலைச் சொல்லிய தடவைகளை ஒரு பக்கமும், திருத்தியோ அதட்டியோ பேசியதை மறுபக்கமும் கோடு போடுங்கள். ஒரு திருத்தலுக்கு ஐந்து நல்ல சொல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முதல் தடவை எண்ணும்போது தலைகீழாக இருந்தால் திகைக்க வேண்டாம். கோடு போட்ட தாளை விளக்கம் எதுவும் இல்லாமல் ஆசிரியரிடம் கொடுங்கள். அவரே எண்ணிப்பார்ப்பார்.

கவனித்த பிறகு எப்படிப் பேசுவது? ஆசிரியர் முகம் வாடிவிடுமே?

முதலில் அவர் பேசட்டும். பிறகு நீங்கள் பார்த்ததில் குறிக்கோளோடு ஒட்டிய நல்லது ஒன்று, குறிப்பாக. பிறகு எண். பிறகு ஒரு கேள்வி. அதோடு நிறுத்துங்கள்.

"மிஸ், இன்னைக்குப் பொம்மை எடுத்து வைக்கிற நேரம் எப்படிப் போச்சு?"

"மோசம். யாருமே கேட்கலை."

"நான் எழுதினதைப் பாருங்க. நீங்க படத்தைக் காட்டினதும் 18 பேர்ல 9 பேர் உடனே எடுக்க ஆரம்பிச்சாங்க. மூணு நிமிஷத்துல 14 பேர். மிச்சம் நாலு பேரும் கட்டை அடுக்குற இடத்துல இருந்தாங்க."

"ஒன்பது பேரா? நான் அந்த நாலு பேரைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

"அந்த நாலு பேருக்கு மட்டும் என்ன மாத்தலாம்னு நினைக்கிறீங்க?"

"கட்டின வீட்டை இடிக்க மனசு வராது அவங்களுக்கு. அப்படியே வெச்சுட்டு வர விடலாமா?"

விடை ஆசிரியரிடமிருந்தே வந்தது. 'அப்படியே வைத்துவிட்டு வரட்டும்' என்று பயிற்றுநர் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால் அது ஒரு கட்டளையாக நின்றிருக்கும். புதிய பயிற்றுநர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்: ஒரே பேச்சில் ஏழு யோசனை கொடுப்பது. ஒன்றுகூட நடக்காது. இன்னொரு தவறு 'ரொம்ப நல்லாப் பண்ணினீங்க, ஆனா' என்பது. 'ஆனா' வந்ததும் முன்னால் சொன்ன எதுவும் காதில் நிற்காது.

உணர்வுச் சொற்களைத் தமிழில் கற்றுக்கொடுப்பதா, கிரியோலில் கற்றுக்கொடுப்பதா?

அழுகிற பிள்ளைக்கு எந்த மொழியில் அழத் தெரியுமோ அந்த மொழியில். நம் வீடுகளில் பெரும்பாலும் அது கிரியோல். தமிழ்மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், பிள்ளை மூச்சு முட்ட நிற்கும் நேரம் புதுச் சொல் கற்பிக்கும் நேரம் அல்ல. 'மோ ஆங்கோலேர்' (எனக்குக் கோபம்), 'மோ சாக்ரேன்' (எனக்கு வருத்தம்), 'மோ கோன்தான்' (எனக்குச் சந்தோஷம்) என்று சொல்ல வருவதே முதல் வெற்றி. 'மோ காப்பாவ் ஸ்வே அவேக் த்வா?' (உன்னோடு நான் விளையாடலாமா?) என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, விளையாட்டுக்குள் நுழைவதற்காக அடுத்த பிள்ளையின் பொம்மையைப் பிடுங்காது.

தமிழுக்கு வேறு நேரம் இருக்கிறது: அமைதியான நேரம். கதை சொல்லும்போது, முகப்படம் காட்டும்போது, கண்ணாடி முன்னால் முகபாவம் செய்யும்போது கோபம், பயம், சந்தோஷம், வருத்தம் என்ற நான்கில் தொடங்குங்கள். வாரம் ஒரு சொல். வெட்கம், பொறாமை, ஏமாற்றம் எல்லாம் அடுத்த தவணையில். 'மகிழ்ச்சி' எழுத்துக்கு அழகு; நாக்குக்கு 'சந்தோஷம்' எளிது. 'அச்சம்' வேண்டாம், 'பயம்' போதும். ஒன்றைக் கவனியுங்கள்: கிரியோலில் பயத்துக்கு 'பேர்'. தமிழ் வகுப்பில் 'உன் பேர் என்ன?' என்று கேட்கிறோம். இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவராதீர்கள்.

தமிழிடம் ஒரு பெரிய உதவி இருக்கிறது. கிரியோலில் 'மோ ஆங்கோலேர்' என்றால் கோபம் நானே. தமிழில் 'எனக்குக் கோபம் வருது' என்கிறோம். கோபம் எங்கிருந்தோ வருகிறது, வந்தது போகும். நாலு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகப் புரியும். 'கோபம் வந்திருக்கு. அது போற வரைக்கும் நாம ரெண்டு பேரும் இங்க உட்காரலாம்' என்று சொல்லிப் பாருங்கள். 'நீ கோபக்காரன்' என்று பெயர் சூட்டுவதற்கு நேர் எதிரான பேச்சு இது. ஆங்கிலத்தில் எழுதிய பயிற்சிக் கையேடுகளில் இந்த வசதியைத் தேடினால் கிடைக்காது. நம் மொழியில் சும்மா கிடக்கிறது.

ஆமை முறை என்றால் என்ன? எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கோபம் வந்த உடம்பை நிறுத்தச் சிறு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் வழி. 1970-களிலிருந்து வழக்கில் இருக்கிறது. நான்கு படி: எனக்குக் கோபம் வந்திருக்கு என்று உணர்வது, கையையும் காலையும் நிறுத்துவது, ஆமை ஓட்டுக்குள் போகிற மாதிரி கைகளை மார்போடு கட்டித் தலையைக் குனிந்து மூன்று முறை மூச்சு விடுவது, வெளியே வந்து என்ன செய்யலாம் என்று யோசிப்பது. இங்கே பிள்ளைகள் ராட்சத ஆமையை நேரிலேயே பார்த்திருப்பார்கள், அதனால் அறிமுகம் சுலபம்.

ஒரு துணிப் பொம்மை ஆமையை வைத்து, தினம் ஐந்து நிமிடம், எல்லாரும் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில், இரண்டு வாரம் பழக்குங்கள். மூச்சை வெளியே விடுவதுதான் முக்கியம். பூவை முகர்கிற மாதிரி மூச்சை இழுத்து, கற்பூரத் தீபத்தை அணையாமல் ஆட்டுகிற மாதிரி ஊதச் சொன்னால் பிள்ளை மெதுவாக ஊதும்.

எங்கே கெட்டுப்போகிறது? இரண்டு இடத்தில். பிள்ளை அடித்த பிறகு 'போ, ஆமை பண்ணு' என்று மூலைக்கு அனுப்புவது முதலாவது. அன்றோடு ஆமை தண்டனையாகிவிடும், பிறகு பிள்ளை தொடாது. நான்காவது படியை விட்டுவிடுவது இரண்டாவது. மூச்சு விட்டுவிட்டு வெளியே வந்தால் அதே சைக்கிளில் அதே பையன். இப்போது என்ன செய்வது? 'முறை போட்டுக்கலாம்', 'வேற ஒண்ணு எடுத்துக்கலாம்', 'சேர்ந்து விளையாடலாம்', 'மிஸ்ஸைக் கூப்பிடலாம்' என்று நாலைந்து படம் கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும்.

ஒரு பிள்ளை கடிக்கிறது. இதையெல்லாம் செய்தும் நிற்கவில்லை.

முதலில் காது. அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்த பிள்ளைக்குப் பாதிதான் கேட்கும். கூப்பிட்டால் திரும்பாது, சொன்னதைச் செய்யாது, எரிச்சலில் கடிக்கும். பேச்சு பின்தங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள்.

பிறகு ஒரு வாரம் எழுதுங்கள். ஒவ்வொரு கடிக்கும் ஒரு வரி, அதில் மூன்று கட்டம்: அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது. பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் ஒரு வடிவம் தெரியும். ஏதோ ஒன்று கிடைப்பதற்காகக் கடிக்கிறதா, ஏதோ ஒன்றிலிருந்து தப்புவதற்காகக் கடிக்கிறதா? பாய் நேரத்துக்கு முன்பே எப்போதும் கடித்து, கடித்ததும் வெளியே அனுப்பப்பட்டால், வெளியே போவதே அதன் விருப்பம். வெளியே அனுப்புவது தண்டனை என்று ஆசிரியர் நினைக்கிறார். பிள்ளைக்கு அது பரிசு. அதற்குக் கடிக்காமலே அதைக் கேட்க ஒரு வழி கொடுங்கள்: ஒரு அட்டை, ஒரு சைகை, 'போதும்' என்ற ஒரு சொல். அந்த அட்டையைக் காட்டிய உடனே வெளியே விடுங்கள். முதல் சில நாட்களுக்கு ஒவ்வொரு முறையும் விட வேண்டும். கடித்தால் கிடைத்தது அட்டையாலும் கிடைக்கிறது என்று பிள்ளை நம்ப வேண்டாமா?

கடித்து வெளியே போகும் பழைய வழி பலிக்காதபோது பிள்ளை முதலில் இன்னும் பலமாகச் செய்துபார்க்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள் கடி கூடலாம். இதை ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது பயிற்றுநரின் கடமை. சொல்லாவிட்டால், பலன் தெரிய இருந்த வேளையில் ஆசிரியர் திட்டத்தைக் கைவிட்டுவிடுவார்.

கடி வாங்கிய பிள்ளையை முதலில் தூக்குங்கள். கடித்த பிள்ளைக்குச் சொற்பொழிவு வேண்டாம். கொதித்துக்கொண்டிருக்கும் தலைக்குள் எதுவும் போகாது. அதன் உயரத்துக்குக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஐந்தாறு சொல்லில் முடியுங்கள்.

மூலையில் நிற்க வைப்பது, ஒரு தட்டுத் தட்டுவது: இதெல்லாம் எப்போதும் நடப்பதுதானே?

உடலைத் துன்புறுத்தும் தண்டனையையும் அவமானப்படுத்தும் தண்டனையையும் 2020-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் தடை செய்கிறது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 'ஒரு தட்டு' என்ற விலக்கு இல்லை. எல்லார் முன்னாலும் கேலி செய்து நிற்க வைப்பதும் இதில் சேரும்.

ஆனால் ஆசிரியரிடம் சட்டத்தைக் காட்டி மட்டும் நிறுத்தினால், கையை எடுத்துவிட்டு வாயால் அடிப்பார். அவர் கையிலிருந்து ஒன்றை வாங்கினால் வேறொன்றைக் கொடுக்க வேண்டும். பிள்ளை கேட்காதபோது அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் போவது, பெயரைச் சொல்லித் தோளில் கை வைப்பது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ('கட்டையை நீ எடுக்கிறியா, நான் ஒண்ணு நீ ஒண்ணா எடுக்கலாமா?'), காத்திருப்பது. இவற்றைப் பயிற்றுநர் செய்துகாட்ட வேண்டும்.

'பிராவோ' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அது போதாதா?

கேட்க இனிமை, ஆனால் பிள்ளைக்கு எதற்காக என்று தெரியாது. பார்த்ததைச் சொல்லுங்கள்: 'தம்பிக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தே, அவன் சிரிக்கிறான் பார்.' நாளுக்கு ஐம்பது பிராவோவைவிடப் பத்து இப்படி மேல். வெட்கப்படும் பிள்ளையிடம் காதோடு சொல்லுங்கள்.

வீட்டில் பாட்டி 'ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது' என்கிறார். நாங்கள் இங்கே வேறு சொல்கிறோம்.

பாட்டியோடு மோதாதீர்கள். பிள்ளையை வளர்ப்பவர் அவர்; காலையில் கொண்டுவந்து விடுபவரும் பல வீடுகளில் அவர்தான். 'அம்மா, இங்க அழுதா ரெண்டு நிமிஷத்துல சரியாயிடறான், அப்புறம் நல்லாச் சாப்பிடறான்' என்று பலனைச் சொல்லுங்கள். வகுப்பில் பழகும் நாலு முகப்படங்களை ஒரு தாளில் அச்சிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள், தமிழிலும் கிரியோலிலும். அந்தத் தாளைப் படிக்க வேண்டிய தேவையே இல்லாமல் படமே பேச வேண்டும்.

ஆண்டுத் தொடக்கத்திலேயே திட்டம் தொடங்கலாமா?

ஜனவரியில் வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைகள் முதன்முதலாக அம்மாவை விட்டு வரும் மாதம். அதோடு புயல் காலம். தைப்பூசக் காவடிக்காக வீட்டில் விரதமும் இரவு விழிப்பும் நடக்கும் காலம். அந்த வாரங்களில் பயிற்றுநர் எண்ணும் எண் எதுவும் வகுப்பின் உண்மையான நிலையைக் காட்டாது. அப்போது பயிற்றுநரால் ஆகும் உதவி ஒரு ஜோடிக் கை மட்டுமே. காலையில் விடைபெறும் நேரத்தைச் சீராக்குங்கள்: அம்மா பின்பக்கமாக நழுவாமல், சொல்லிக்கொண்டு, ஒரே ஒருமுறை முத்தமிட்டு, போய்விட வேண்டும். பிப்ரவரி நடுவில் குறிக்கோள் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

புயலுக்குப் பிறகு பள்ளி திறந்ததும் பிள்ளைகள் மிரளுகிறார்கள்.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றது. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிள்ளை, அடுத்த மழைக்கே காதைப் பொத்தும். ஏற்கெனவே வந்த கழிப்பறைப் பழக்கம் சில நாள் பின்னால் போகலாம், அதட்ட வேண்டாம். பழைய வரிசையிலேயே நாளை நடத்துங்கள்: அதே பாட்டு, அதே இடம், அதே தம்ளர். மணல் தொட்டியில் 'சிக்லோன்' (புயல்) விளையாடி வீட்டை இடித்து இடித்துக் கட்டினால் தடுக்காதீர்கள்; பயத்தைக் கையால் கரைக்கிறார்கள். விளையாட்டில் ஒருமுறையாவது யாராவது காப்பாற்ற வருகிறார்களா என்று பாருங்கள். பல வாரமாகியும் யாரும் வராமல் வெறும் இடிப்பாகவே நீண்டால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், உதவி தேட வேண்டும்.

ஆசிரியர் 'சரி சரி' என்கிறார், ஒன்றும் மாறவில்லை. என்ன செய்வது?

மனமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். குறிக்கோள் அவருடையதா, உங்களுடையதா? அதைச் செய்ய அவருக்கு ஆளும் பொருளும் இருக்கிறதா? யாராவது செய்து அவர் கண்ணால் பார்த்திருக்கிறாரா? பெரும்பாலும் மூன்றாவதில்தான் சிக்கல். அடுத்த வருகையில் பேச்சை விட்டுவிட்டு நீங்கள் பத்து நிமிடம் வகுப்பை நடத்துங்கள், அவர் கோடு போட்டு எண்ணட்டும். உங்கள் கையிலும் அது தடுமாறுவதை அவர் பார்த்தால் இன்னும் நல்லது.

எத்தனை வாரத்தில் தெரியும்?

ஒரு பழக்கம் ஆசிரியர் கையில் நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் கொடுங்கள். குறித்த அளவைத் தொடர்ந்து இரண்டு வருகைகளில் எட்டினால் அடுத்த குறிக்கோள். ஒரு பள்ளி ஆண்டில் நான்கு, ஐந்து குறிக்கோள் நிறைவேறினால் நல்ல ஆண்டு. மாற்றம் முதலில் ஆசிரியரிடம் தெரியும், பிள்ளைகளிடம் பிறகுதான். இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். இல்லாவிட்டால் சரியாகச் செய்துகொண்டிருக்கும் ஆசிரியர், பிள்ளைகள் இன்னும் மாறவில்லை என்று மனம் தளர்வார்.

எங்கள் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். பயிற்றுநருக்கு எங்கே போவது?

ஒருவருக்கொருவர் துணையாகலாம். வாரம் ஒருமுறை, ஒருவர் தன் வகுப்பைச் சுவரில் சாய்த்து வைத்த கைபேசியில் பத்து நிமிடம் பதிவு செய்யட்டும். முதலில் தனியாகப் பார்ப்பார். தான் காட்ட விரும்பும் மூன்று நிமிடத்தைத் தேர்ந்து மற்றவரிடம் காட்டுவார். எண்ணுவது, கேள்வி கேட்பது எல்லாம் மேலே சொன்ன வரிசைதான். பிள்ளைகளைப் படம் எடுக்கப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பதிவு வாட்ஸ்அப்பில் யாருக்கும் போகக் கூடாது. பேசி முடித்த அன்றே அழித்துவிடுங்கள்.